பதில் வராத கடிதங்களுக்காக ஒரு மன்னிப்பும், மெயில் ரூல் பற்றி ஒரு கருத்தும்



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிடுவதாக இருந்தால் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள். கடந்த சில வருடங்களில் உங்களில் யாராவது எனக்கு மெயில் அனுப்பி, நான் பதில் போடாமல் இருந்திருந்தால், அது கோபமோ அலட்சியமோ அல்ல. அந்தக் கடிதம் என் கண்ணிலேயே பட்டிருக்காது. படாமல் செய்தவன் நானே. எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் கம்ப்யூட்டரிலும் இதே தவறு இருக்கலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

தை மாதம் நாமக்கல்லில் ஒரு பழைய மாணவர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனும் என்னிடம் படித்தவன்தான். சாப்பிட்டுக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க அம்மா காரியத்துக்கு நீங்க வரலைன்னு அவனுக்கு ரொம்ப வருத்தம். ஒரு வரி பதில்கூட வரலைன்னு சொன்னான்."

யாருடைய அம்மா என்று கேட்டேன். சொன்னான். எனக்கு அதற்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை.

பெயர் வேண்டாம். அந்த பேட்ச்காரர்களுக்குத் தெரியும். சேலம் பக்கத்தில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த கிராமத்துப் பள்ளி. கல்யாணம் ஆகாத வயது. மெஸ் சாப்பாடு. அந்த அம்மா இரண்டு வருடம், வாரத்துக்கு மூன்று நாளாவது, மகன் கையில் எனக்கும் சேர்த்து ஒரு தூக்குப் போசி கொடுத்தனுப்பியவர். கேட்டு வாங்கியதில்லை. பணம் கொடுத்தபோது வாங்கியதும் இல்லை. அவர் போன ஆடியில் இறந்துபோனது எனக்குத் தையில்தான் தெரிகிறது.

அன்று இரவே அவனுக்கு போன் செய்தேன். அவன் மஸ்கட்டில் இருக்கிறான். எடுத்ததும் அழவில்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "மெயில் போட்டேனே சார். ஊருக்குக் கிளம்பும்போது ஒண்ணு, காரியத் தேதி சொல்லி ஒண்ணு. உங்க பழைய நம்பர் போகலை. மெயில்தான் கரெக்டா இருக்கும்னு நினைச்சேன்" என்றான். அவன் நினைத்தது சரிதான். அந்த முகவரி பதினைந்து வருடமாக மாறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தேட ஆரம்பித்தேன். இன்பாக்ஸில் இல்லை. ஸ்பாமில் இல்லை. குப்பைத்தொட்டியில் இல்லை, என் கணக்கில் குப்பை 30 நாளில் தானாகவே அழிந்துவிடும். அவன் அனுப்பியதற்கு ஆதாரம் அவனிடம் இருந்தது, 'சென்ட்' ஃபோல்டரைப் படம் பிடித்து அனுப்பினான். இரண்டு மெயிலும் போயிருக்கின்றன. முகவரியில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

அப்போது என் மகன் போனில் கேட்டான். "அப்பா, லேப்டாப்ல எதாவது ரூல் போட்டு வச்சிருக்கீங்களா?"

போட்டு வைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தேன். 41 ரூல்.

ரூல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கம்ப்யூட்டரில் இருக்கும் அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற மெயில் மென்பொருள்களில், "இப்படிப்பட்ட கடிதம் வந்தால் இப்படிச் செய்" என்று நாம் கட்டளை எழுதி வைக்கலாம். மின் கட்டண ரசீது வந்தால் இந்த ஃபோல்டரில் போடு, விளம்பரம் வந்தால் தூக்கி எறி, இப்படி. அவுட்லுக்கில் இதற்கு ரூல் என்று பெயர், தண்டர்பேர்டில் ஃபில்டர் என்று பெயர். வேலை ஒன்றுதான். நாம் பார்ப்பதற்கு முன்பே நமக்காக ஒருவர் தபாலைப் பிரித்து அடுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

41 ரூலில் எது குற்றவாளி? நான் கணக்கு வாத்தியார். பாதி பாதியாகப் பிரித்தேன். மருமகளை அதே தலைப்புடன் ஒரு சோதனை மெயில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். இரண்டு நொடி இன்பாக்ஸில் தெரிந்தது, காணாமல் போனது. சரி, நோய் இங்கேதான். பாதி ரூல்களின் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பச் சொன்னேன். தங்கிவிட்டது. அப்படியானால் குற்றவாளி டிக் எடுத்த பாதியில் இருக்கிறது. அதில் பாதி, அதிலும் பாதி. 41 ரூலுக்கு அதிகபட்சம் ஆறு சோதனை போதும், ஏனென்றால் இரண்டின் ஆறாம் அடுக்கு 64. ஆறாவது மெயிலில் பிடித்துவிட்டேன்.

'விளம்பரம் 3' என்று பெயர் வைத்திருந்த ரூல். ஊரடங்கு நாட்களில் ஆன்லைனில் பொருள் வாங்கப் பழகியபோது, விளம்பரத் தொல்லை தாங்காமல் போட்டது. இரண்டு நிபந்தனை. ஒன்று, அனுப்புநர் இந்தக் கடைக்காரர். இரண்டு, தலைப்பில் 'சேல்' என்ற ஆங்கிலச் சொல் இருக்க வேண்டும். செயல்: டெலீட்.

அவன் அனுப்பிய மெயிலின் தலைப்பு, ஆங்கில எழுத்தில், 'சேலம், அம்மா காரியம்'.

ஆங்கிலத்தில் சேலம் என்று எழுதிப் பாருங்கள். முதல் நான்கு எழுத்து என்ன? எஸ், ஏ, எல், ஈ. தள்ளுபடி விற்பனைக்கு எழுதும் அதே 'சேல்'.

"தலைப்பில் இந்தச் சொல் இருந்தால்" என்று நாம் நினைக்கிறோம். மென்பொருள் அப்படி நினைப்பதில்லை. "இந்த எழுத்து வரிசை எங்காவது வருகிறதா" என்று மட்டும்தான் பார்க்கிறது. சொல்லுக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று அதற்குக் கவலை இல்லை. தமிழில் சொன்னால், 'கல்' என்று இருக்கும் கடிதத்தையெல்லாம் எறி என்று எழுதி வைத்தால், கல்யாணப் பத்திரிகையும் போகும், கல்லூரி அட்மிஷனும் போகும், கல்வி உதவித்தொகையும் போகும். இன்னொரு ரூலில் லாட்டரி மோசடிக்காக ஆங்கிலத்தில் 'வின்' என்று போட்டிருந்தேன். அஷ்வின் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் அதன் கடைசி மூன்று எழுத்து அதுதான். என்னிடம் எத்தனை அஷ்வின் படித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. அஷ்வின்களே, தலைப்பில் பெயர் போட்டு எழுதியிருந்தால் தயவுசெய்து மறுபடி எழுதுங்கள்.

சரி, கடைக்காரர் அனுப்பியிருந்தால்தானே எறிய வேண்டும், மாணவன் அனுப்பியதை ஏன் எறிந்தது? இங்கேதான் இரண்டாவது தவறு. ரூல் எழுதும்போது மேலே ஒரு கேள்வி இருக்கும். எல்லா நிபந்தனையும் பொருந்த வேண்டுமா, ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதுமா? 'ஆல்' அல்லது 'எனி'. நான் 'எனி' என்பதில் வைத்துவிட்டேன்.

முப்பத்து நான்கு வருடம் வினாத்தாள் தயாரித்தவன் நான். "அனைத்து வினாக்களுக்கும் விடையளிக்க" என்பதற்கும் "எவையேனும் ஐந்து வினாக்களுக்கு விடையளிக்க" என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதிவிட்டு வந்த பிள்ளைகளை எவ்வளவு திட்டியிருக்கிறேன். கணங்களின் வெட்டுக்கும் சேர்ப்புக்கும் கரும்பலகையில் வட்டம் வட்டமாகப் போட்டுக் காட்டியிருக்கிறேன். என் லேப்டாப்பில் நானே வெட்டு வேண்டிய இடத்தில் சேர்ப்பைப் போட்டிருக்கிறேன். எனக்கு மார்க் பூஜ்யம்.

அவுட்லுக் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனியுங்கள். பழைய டெஸ்க்டாப் அவுட்லுக்கில் ஒரே நிபந்தனைக்குள் நான்கு சொற்கள் கொடுத்தால், அவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும். ஆனால் தனித்தனியாக இரண்டு நிபந்தனை டிக் செய்தால், இரண்டும் பொருந்த வேண்டும். விதிவிலக்குகளில் ஒன்று பொருந்தினாலே ரூல் அந்தக் கடிதத்தைத் தொடாது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு "ரூல் வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்களே அதிகம். ரூல் வேலை செய்கிறது. நாம் எழுதியது வேறு, நினைத்தது வேறு.

இத்தனை வருடம் எனக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்று கேட்பீர்கள். சேலத்திலிருந்து வந்த வேறு மெயில்கள் எனக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. இதற்கும் காரணம் இருக்கிறது. என் ரூல்கள் லேப்டாப்பில் இருப்பவை. லேப்டாப் திறந்து மெயில் மென்பொருள் ஓடும்போதுதான் அவை வேலை செய்யும். லேப்டாப் மூடியிருந்த நேரத்தில் வந்ததை போனில் பார்த்துப் பதில் போட்டிருக்கிறேன். திறந்திருந்த நேரத்தில் வந்தது போய்விட்டது. அலுவலக சர்வரில் கணக்கு இருப்பவர்களுக்கு அவுட்லுக்கில் சில ரூல்கள் சர்வரிலேயே ஓடும், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் ஓடும். சில ரூல்களின் பக்கத்தில் மட்டும் இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் என்ற பொருளில் 'கிளையன்ட் ஒன்லி' என்று குறிப்பு இருக்கும். "ஆபீஸில் இருந்தால் சரியாக அடுக்குகிறது, லீவில் இருந்தால் அடுக்குவதில்லை" என்று யாராவது குழம்பினால், முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குறிப்பைத்தான்.

இனி என் கருத்துக்கு வருகிறேன்.

சில மாதம் முன்பு என் அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். "சித்தப்பா, அவுட்லுக்ல ரூல் எல்லாம் சிவப்பா எர்ரர் காட்டுது, ஒண்ணும் ஓட மாட்டேங்குது." அவன் ஃபோல்டர்களையெல்லாம் ஒழுங்குபடுத்துகிறேன் என்று பழைய ஃபோல்டர்களை அழித்திருக்கிறான். ரூலில் "அந்த ஃபோல்டருக்கு மாற்று" என்று இருக்கிறது, ஃபோல்டரைக் காணோம். அதனால் நின்றுவிட்டது. ஒவ்வொரு ரூலாகத் திறந்து புது ஃபோல்டரைக் காட்டினான், சரியாகிவிட்டது. தண்டர்பேர்டிலும் இப்படித்தான். போய்ச் சேர வேண்டிய ஃபோல்டர் இல்லை என்றால், கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு அந்த ஃபில்டரை நிறுத்தி வைத்துவிடும்.

அவனுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. புது ரூல் சேர்த்தால் இடம் போதவில்லை என்று வந்தது. அலுவலக எக்ஸ்சேஞ்ச் சர்வரில் ஒருவருடைய ரூல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சிறு எல்லைக்குள் அடங்க வேண்டும். 2003 பதிப்பு வரை 32 கிலோபைட். பிறகு 64 ஆனது, நிர்வாகி அனுமதித்தால் 256 வரை போனது. ஒரு சின்னப் போட்டோ அளவுகூட இல்லை. வழி எளிது. நீளமான ரூல் பெயரைச் சுருக்கு, ஒரே ஃபோல்டருக்குப் போகும் நான்கு ரூலை ஒன்றாக்கு, செத்த ரூலை எடு. இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று 'கிளீன்ரூல்ஸ்' கட்டளையை மட்டும் முதலில் ஓட்டிவிடாதீர்கள். அது பழுதானதை மட்டும் துடைக்காது, எல்லா ரூலையும் துடைத்துவிடும். அதற்கு முன் 'எக்ஸ்போர்ட் ரூல்ஸ்' என்பதைக் கொடுத்து ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று அவனைக் கேலி செய்தேன். "என்னடா, கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிற, உனக்கே எர்ரரா? என் லேப்டாப்பில் இத்தனை வருஷத்தில் ஒரு எர்ரர் வந்ததில்லை" என்று பெருமை வேறு.

இப்போது புரிகிறது. எர்ரர் காட்டிய அவன் ரூலால் ஒரு கடிதம்கூடத் தொலையவில்லை. எர்ரரே காட்டாத என் ரூலால்தான் தொலைந்தது.

வகுப்பில் எழுந்து நின்று "புரியல சார்" என்று சொல்லும் பிள்ளையைப் பற்றி எந்த வாத்தியாரும் கவலைப்படத் தேவையில்லை. இன்னொரு தடவை சொன்னால் சரியாகிவிடும். கவலைப்பட வேண்டியது, தப்பான சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு, நல்ல கையெழுத்தில் பக்கம் பக்கமாகத் தப்பாகவே எழுதித் தள்ளும் பிள்ளையைப் பற்றித்தான். சிவப்பில் எர்ரர் காட்டும் ரூல் முதல் வகை. என் 'விளம்பரம் 3' இரண்டாம் வகை. சொன்னதைச் சொன்னபடி, ஒருநாள் தவறாமல், சத்தமே இல்லாமல் செய்துகொண்டிருந்தது. அதனிடம் குற்றமில்லை. மென்பொருள் செய்தவர்களிடமும் குற்றமில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். தானாக டெலீட் செய்யும் ரூலை யாரும், எந்தக் காரணத்துக்காகவும் போடக்கூடாது. ஒதுக்கி வைக்கலாம், அழிக்கக்கூடாது. ஒதுக்கி வைத்ததை ஒரு மனிதக் கண் பார்க்க வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு அல்ல. மெயிலை வடிகட்டும் விதிகளை எழுதவென்றே ஒரு பொது மொழி இருக்கிறது. அதன் பெயர் 'சீவ்', அதாவது சல்லடை. 2001 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 3028 என்ற எண்ணில் அதன் இலக்கணம் வெளியானது, 2008 ஜனவரியில் 5228 என்ற எண்ணில் திருத்தி வெளியிட்டார்கள். அதில் ஓர் அடிப்படை இருக்கிறது. எந்த விதியும் பொருந்தாவிட்டால் கடிதம் இன்பாக்ஸில் இருக்க வேண்டும். ஓடும்போது நடுவில் பிழை நேர்ந்தாலும் கடிதத்தை விட்டுவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் வைத்துக்கொள். விஷயம் தெரிந்தவர்கள் எவ்வளவு பயந்து பயந்து எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். நாம் எவ்வளவு தைரியமாக டெலீட் என்று தேர்வு செய்கிறோம்.

"சார், டெலீட் போடாவிட்டால் விளம்பரத்தை என்ன செய்வது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொய் மெயிலும் மோசடி மெயிலும் வேறு. அவற்றை ஸ்பாம் என்று குறித்துவிடுங்கள், அதில் உள்ள எந்த இணைப்பையும் தொடாதீர்கள். நாம் பொருள் வாங்கிய உண்மையான கடைகளின் விளம்பரத்துக்கு, மெயிலின் அடியிலோ மேலேயோ 'அன்சப்ஸ்க்ரைப்' என்று இருக்கும். அதை அழுத்தினால் வரத்தே நின்றுவிடும். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பும் நிறுவனங்கள் தங்கள் விளம்பர மெயில்களில் ஒரே அழுத்தில் விலகும் வசதி தர வேண்டும் என்று 2024-ல் விதியே கொண்டுவந்துவிட்டார்கள். வீட்டு வாசலில் தினமும் நோட்டீஸ் போடுகிறவனிடம் "போடாதே" என்று ஒரு வார்த்தை சொல்லாமல், வாசலில் விழும் காகிதத்தையெல்லாம் படிக்காமல் கொளுத்து என்று வேலையாளிடம் சொன்னவன் நான். தபால்காரர் போட்டுவிட்டுப் போன கடிதமும் சேர்ந்து எரிந்தது.

என் மகன் வேறு மாதிரி சொல்கிறான். "ரூலே வேண்டாம்ப்பா. எல்லாம் இன்பாக்ஸ்லயே கிடக்கட்டும். வேணுங்கறப்ப தேடினா வந்துடும்." தினமும் பத்து மெயில் வருகிறவர்களுக்கு இது சரி. ஆனால் வந்திருப்பது தெரிந்தால்தானே தேட முடியும்? நூறு விளம்பரத்துக்கு நடுவே ஒரு மரணச் செய்தி இருந்தால், தேட வேண்டும் என்ற எண்ணமே நமக்கு வராது. அதனால் ரூல் வேண்டும். நம்மால் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய அளவில், கொஞ்சமாக வேண்டும். இப்போது மென்பொருள்களே எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தாமாகப் பிரிக்கின்றன. அவை ஏன் அப்படிப் பிரித்தன என்று நம்மால் திறந்து பார்க்க முடிவதில்லை. என் முட்டாள்தனமான ரூலையாவது திறந்து படித்து, எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடிந்தது.

41 ரூலில் ஒன்பது டெலீட் ரூல்கள் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இப்போது மொத்தம் ஆறுதான். அவற்றை எழுதிய முறையைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் ரூல், என் முகவரிப் புத்தகத்தில் இருப்பவர் அனுப்பினால் கடிதத்தைத் தொடாதே, மேற்கொண்டு எந்த ரூலையும் பார்க்காதே. ரூல்கள் மேலிருந்து கீழாக வரிசைப்படி ஓடும். இதை உச்சியில் வைத்துவிட்டால் சொந்தபந்தம், மாணவர் கடிதம் எதுவும் கீழே உள்ள ரூல்களிடம் மாட்டாது. தண்டர்பேர்டில் 'ஸ்டாப் ஃபில்டர் எக்ஸிக்யூஷன்', அவுட்லுக்கில் 'ஸ்டாப் ப்ராசஸிங் மோர் ரூல்ஸ்' என்று இருக்கும். இந்த ஒரு ரூல் இருந்திருந்தால் எனக்கு இந்தப் பதிவு எழுத வேண்டிய நிலை வந்திருக்காது.

மற்ற ஐந்தும் அனுப்புநர் முகவரியை மட்டும் பார்க்கும். தலைப்பில் உள்ள சொல்லைப் பார்க்காது. வங்கி, மின்வாரியம், இன்சூரன்ஸ் போன்றவை. ஒவ்வொன்றும் ஒரு ஃபோல்டருக்கு மாற்றும், அவ்வளவுதான். பெயரில் எழுதிய மாதத்தையும் காரணத்தையும் சேர்த்து எழுதிவிட்டேன். 'விளம்பரம் 3' என்றால் நான்கு வருடம் கழித்து எனக்கே என்னவென்று தெரியவில்லை அல்லவா?

புது ரூல் போட்டால், உடனே அவிழ்த்துவிடாமல் பழைய கடிதங்கள் மேல் ஓட்டிப் பார்க்கிறேன். அவுட்லுக்கில் 'ரன் ரூல்ஸ் நவ்', தண்டர்பேர்டில் ஃபில்டர் பட்டியலுக்குக் கீழேயே 'ரன் நவ்' உண்டு. முதலில் மாற்றும்படி வைக்காமல் ஒரு நிற அடையாளம் மட்டும் போடும்படி வைத்து ஓட்டினால், எந்தெந்தக் கடிதத்தைப் பிடிக்கிறது என்று சேதமில்லாமல் தெரிந்துவிடும். 'சேல்' ரூலை அப்படி ஓட்டியிருந்தால் சேலம் அத்தனையும் வண்ணமாகி என் கண்முன் நின்றிருக்கும்.

தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்கள் 'மெசேஜ் ஃபில்டர்ஸ்' ஜன்னலில் 'ஃபில்டர் லாக்' என்று ஒன்று இருக்கும், அதைத் திறந்து டிக் செய்து வையுங்கள். எந்த ஃபில்டர், யாருடைய கடிதத்தை, எப்போது, என்ன செய்தது என்று அன்றிலிருந்து ஒவ்வொரு வரியாக எழுதிவைக்கும். வருகைப் பதிவேடு மாதிரி. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் பாதி பாதியாகப் பிரிக்கும் கணக்கெல்லாம் தேவைப்பட்டிருக்காது.

கடைசியாக, வருடத்துக்கு ஒருநாள். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களைத் துடைத்து அடுக்குகிறோம், கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். பொட்டு வைப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி உங்கள் ரூல்களை ஒருமுறை படித்துவிடுங்கள். இது ஏன் இருக்கிறது என்று சொல்லத் தெரியாத ரூலின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்து முடித்த பிறகு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. அதையும் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது.

அந்தப் பள்ளியில் சேர்ந்த புதிதில் நான் வகுப்புக்கு ஒரு விதி வைத்திருந்தேன். மணி அடித்த பிறகு வந்தால் அந்தப் பாடவேளை முழுவதும் வெளியே நிற்க வேண்டும். காரணம் கேட்க மாட்டேன். விதி என்றால் விதி. இந்தப் பையன் கிட்டத்தட்ட மூன்று வாரம் தினமும் வெளியே நின்றான். ஒருநாள் அவன் அம்மா வந்தார். சண்டை போடவில்லை. "எங்க ஊருக்கு முதல் பஸ்ஸே எட்டே முக்காலுக்குத்தான் சார் வருது. அதுக்கு முன்னாடி பஸ் கிடையாது. அவன் ஓடித்தான் வரான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் தலைகுனிந்து நின்றேன். விதியை மாற்றினேன். நான் மெஸ்ஸில் சாப்பிடுவதை அன்றுதான் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் முதல் தூக்குப் போசி வந்தது.

ஒரே வீட்டுக்கு, இரண்டு தடவை, கண்ணால் பார்க்காமல் ஒரு விதியை ஓடவிட்டுத் தவறு செய்திருக்கிறேன். முதல் தடவை வந்து சொல்ல அந்த அம்மா இருந்தார். இரண்டாம் தடவை சொல்ல ஆளில்லை.

போன மாதம் அந்த ஊருக்குப் போய்விட்டு வந்தேன். அவன் தம்பிதான் வீட்டில் இருக்கிறான். அம்மா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். சேல், சேலம் என்று விளக்கியபோது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. பிறகு இருவரும் பேசவில்லை. மஸ்கட்டுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தான். "விடுங்க சார், நான்தான் அவசரப்பட்டு வருத்தப்பட்டுட்டேன்" என்றான் இவன். இல்லையப்பா, உன் வருத்தத்தில் தப்பில்லை என்று சொன்னேன். அவன் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம், என் நம்பரை நண்பர்களிடம் வாங்கியிருக்கலாம் என்றெல்லாம் சிலர் சொல்கிறார்கள். தாயை இழந்தவன் அதெல்லாம் செய்ய வேண்டியதில்லை. கடிதம் வந்து சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்வது வாங்குகிறவன் பொறுப்பு.

மறுபக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். நாமும் நிறையப் பேருக்கு எழுதுகிறோம், பதில் வருவதில்லை. பெரிய ஆள் ஆகிவிட்டான், மறந்துவிட்டான், மதிக்கவில்லை என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். உறவுகளில் எத்தனை விரிசல் இப்படி ஆரம்பிக்கிறது என்று நம் குடும்பத்தாருக்கே தெரியும். அடுத்த தடவை அப்படி ஆனால், மனிதரைச் சந்தேகிக்கும் முன் அவருடைய மெயில் பெட்டியைச் சந்தேகியுங்கள். இன்னொரு தடவை எழுதுங்கள். முடிந்தால் ஒரு போன் செய்யுங்கள்.

எனக்கு எழுதிப் பதில் வராதவர்கள் மறுபடி எழுதுங்கள். பழைய கடிதத்தின் நகல் இருந்தால் அதையே திருப்பி அனுப்புங்கள். வருடங்கள் ஆகியிருந்தாலும் பரவாயில்லை. படித்துவிட்டு நானே கூப்பிடுகிறேன். தலைப்பில் சேலம் என்று தாராளமாக எழுதலாம், இனி வந்து சேரும்.

அனைவரும் நலமாக இருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்